கப்பலா, கரையோர ஹோட்டலா? பெண் பயணி போடும் கணக்கு

ஒரு குடும்பம் விடுமுறைக்கு எங்கே போவது என்பதை வீட்டில் யார் தீர்மானிக்கிறார்கள்? காசு கொடுப்பவர் வாப்பாவாக இருக்கலாம். டிக்கட் போட்டுக் கொடுப்பவர் மூத்த மகனாக இருக்கலாம். ஆனால் "அந்த இடம் சரிவராது" என்று உம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பயணம் அங்கேயே நின்றுவிடும். எமது வீடுகளில் மட்டும் நடக்கும் சங்கதி என்று இதை நினைக்க வேண்டாம். லண்டனிலும் சிட்னியிலும் கதை இதுதான். உல்லாசப் பயணத் தொழிலில் இருப்பவர்கள் இதை நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறார்கள். உல்லாசக் கப்பல் கம்பனிகளும் கடற்கரை ஹோட்டல்களும் பெண் பயணியைத் தத்தமது பக்கம் இழுப்பதற்கு இவ்வளவு பாடுபடுவது அதனால்தான்.

காலிக் கோட்டைக்குள் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தோழிகள் மூன்று நான்கு பேராக வருகிறார்கள். தாயும் மகளுமாக வருகிறார்கள். ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக வரும் பெண்களும் இருக்கிறார்கள். இவர்களில் ஒரு பகுதியினர் கடலில் நிற்கும் கப்பலில் இருந்து வந்தவர்கள், மாலையில் திரும்பிப் போய்விடுவார்கள். இன்னொரு பகுதியினர் பெந்தோட்டையிலோ உனவட்டுனையிலோ ஹோட்டலில் தங்கியிருப்பவர்கள். கையில் இருக்கும் டொலர் ஒன்றுதான். ஆனால் இரு சாராரும் அதைச் செலவு செய்யும் விதம் வேறு வேறு.

இந்த இரண்டு வியாபாரத்தையும் இந்த வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கப்பலைத் தெரிவு செய்யும் பெண் எதற்காகக் காசு கொடுக்கிறார்? ஹோட்டலைத் தெரிவு செய்யும் பெண் எதற்காகக் கொடுக்கிறார்? இதைத் தெரிந்துகொள்வதால் எமக்கு இரண்டு பயன்கள் உண்டு. எமது வீட்டுப் பெண்களும் இப்போது மாலைதீவு, சிங்கப்பூர், துருக்கி என்று போய் வருகிறார்கள்; அவர்களுக்கு எது பொருந்தும் என்று சொல்ல முடியும். அடுத்தது, வெளிநாட்டுப் பெண் பயணி எமது கடை வாசலைத் தாண்டித்தான் போகிறார். அவர் ஏன் உள்ளே வருகிறார், ஏன் வராமல் போகிறார் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

இரண்டு தொழிலும் வளர்ந்த விதம்

கடல் கடந்து போவதற்கு ஒரு காலத்தில் கப்பலை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. 1960களில் ஜெட் விமானம் பரவலானதும் பயணிகள் கப்பல்களுக்கு வேலை இல்லாமல் போனது. ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கான வாகனமாக இருந்த கப்பலை, தங்கி இளைப்பாறும் இடமாக மாற்றினார்கள். 1966ல் மியாமியில் இருந்து 'சன்வார்ட்' என்ற கப்பல் கரீபியன் தீவுகளுக்கு ஒழுங்காக உல்லாசப் பயணங்களை ஆரம்பித்தது. 1968ல் ரோயல் கரீபியன் கம்பனி உருவானது. 1972ல் கார்னிவல் கம்பனி தன் முதல் கப்பலான 'மார்டி கிரா'வை இறக்கியது. முதல் பயணத்திலேயே அது மியாமிக்கு வெளியே மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. அப்படித் தடக்கி ஆரம்பித்த கம்பனிதான் பின்னர் உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் கம்பனியானது. தொழிலில் முதல் மாதமே நட்டம் கண்டவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

2024 ஜனவரியில் பயணிகளோடு புறப்பட்ட 'ஐகொன் ஒப் த சீஸ்' கப்பலின் நீளம் சுமார் 365 மீற்றர். ஆகக் கூடியது 7,600 பயணிகளை அது ஏற்றும். ஒரு சிறிய பட்டணமே கடலில் மிதக்கிறது என்றால் மிகையில்லை.

கரைப் பக்கத்தில், எல்லாச் செலவையும் முன்கூட்டியே ஒரே தொகையாகக் கட்டிவிட்டுத் தங்கும் முறையை உலகுக்குப் பழக்கியது பிரான்ஸின் 'கிளப் மெட்'. 1950ல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடார முகாமாக அது ஆரம்பித்தது. எமது அயல் நாடான மாலைதீவில் முதல் உல்லாச விடுதியான குரும்பா 1972ல் திறக்கப்பட்டது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறை அங்கிருந்து வளர்ந்தது. எமது நாட்டில் 1966ல் இலங்கை சுற்றுலாச் சபை அமைக்கப்பட்டு, பெந்தோட்டை திட்டமிட்ட உல்லாசப் பகுதியாக வளர்க்கப்பட்டது. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு பாசிக்குடாவில் அதே வேலை நடந்தது.

தலைக்கு விலையா, அறைக்கு விலையா?

பெண் பயணி முதலில் பார்ப்பது விலைப் பட்டியலை. இரண்டு தொழிலிலும் விலை போடும் முறையே வேறு.

கப்பலில் விலை தலைக்கு. விளம்பரத்தில் 700 டொலர் என்று போட்டிருந்தால், ஒரு கெபினில் இருவர் தங்கினால் ஆளுக்கு 700 என்பது அதன் பொருள். தனியாகப் போகும் பெண் அதே கெபினை எடுத்தால் பெரும்பாலும் இரண்டாவது ஆளுக்கான கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டும். 700 என்று பார்த்தது 1,400 ஆகிவிடும். தனியாகப் பயணிக்கும் பெண்களின் பெரிய மனக்குறை இதுதான். நோர்வீஜியன் கம்பனி இதைக் கவனித்தது. 2010ல் வெளிவந்த 'நோர்வீஜியன் எபிக்' கப்பலில் தனியாள்களுக்கென்றே 128 சிறிய கெபின்களைக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடிதான், ஜன்னல்கூடக் கடலைப் பார்த்து இல்லை. அவர்கள் மட்டும் கூடி உட்கார ஒரு பொது அறையும் வைத்தார்கள். பிறகு மற்றக் கம்பனிகளும் அந்த வழியில் போக ஆரம்பித்தன. வாடிக்கையாளரின் மனக்குறையையே ஒரு புதிய சாமானாக மாற்றிய வியாபாரம் இது.

ஹோட்டலில் விலை பொதுவாக அறைக்கு. ஓர் இரவுக்கு 200 டொலர் என்றால், ஒருவர் தங்கினாலும் இருவர் தங்கினாலும் வித்தியாசம் பெரிதாக இருக்காது. தாயும் மகளும் பகிர்ந்துகொண்டால் செலவு பாதியாகிவிடும். ஆனால் சாப்பாடு எல்லாம் சேர்ந்த 'ஓல் இன்குளூசிவ்' முறையில் இங்கும் தலைக்குத்தான் விலை போடுவார்கள்.

அடுத்தது மறைந்திருக்கும் செலவு. கப்பலில் தங்குமிடமும் பொதுச் சாப்பாடும் கட்டணத்தில் அடங்கும். பணியாளர்களுக்கான சேவைக் கட்டணம் என்று பெரிய கப்பல்களில் நாளொன்றுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 டொலர் வரை தனியாகக் கணக்கில் ஏறும். ஏழு நாளுக்கு அதுவே நூறு டொலரைத் தாண்டும். இன்டர்நெட், குளிர்பானம், விசேட உணவகம், கரைச் சுற்றுலா எல்லாம் வேறு வேறாகப் பில்லில் வரும். கையில் காசு எடுக்காமல் அட்டையைக் காட்டி வாங்குவதால் எவ்வளவு போனது என்பது கடைசி நாள் காலையில்தான் தெரியவரும்.

விடுதியில் மறைந்திருப்பது போக்குவரத்தும் வரியும். மாலைதீவை எடுத்துக்கொள்ளுங்கள். அறை விலை மலிவாகத் தெரியும். மாலே விமான நிலையத்தில் இருந்து அந்தத் தீவுக்குப் போக வேக வள்ளமோ கடல் விமானமோ எடுக்க வேண்டும். கடல் விமானம் என்றால் போக வர ஆளுக்குப் பல நூறு டொலர். அதற்கு மேல் சேவைக் கட்டணம், சுற்றுலா வரி, ஆளுக்கு நாளொன்றுக்குப் பசுமை வரி என்று வரும். விடுதிகளுக்கான பசுமை வரி 2025 ஜனவரி முதல் 6 டொலரில் இருந்து 12 டொலராக்கப்பட்டது. சுற்றுலா மீதான பொருள் சேவை வரி 2025 ஜூலையில் 17 வீதமாகியது. எனவே எந்தப் பக்கம் பார்த்தாலும் விளம்பரத்தில் இருக்கும் விலை பாதிக் கதைதான். வீட்டில் இருந்து புறப்பட்டு வீடு திரும்பும் வரை மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுதிப் பார்ப்பதே சரியான கணக்கு.

இரவில் கதவை மூடிய பிறகு

காசுக்கு அடுத்தபடியாகப் பெண் பயணி கேட்பது பாதுகாப்பு. உண்மையில் பலருக்கு அதுதான் முதல் கேள்வி, வெளியில் சொல்வதில்லை.

கப்பலின் பலம் இதில் இருக்கிறது. உள்ளே ஏறுவதற்கு ஒரே வாசல். ஒவ்வொருவரும் அட்டையைக் காட்டிப் படத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே ஏற முடியும். சாப்பிட்டுவிட்டு இரவு பதினொரு மணிக்கு அறைக்குத் திரும்புவதற்கு டெக்ஸி தேட வேண்டியதில்லை. பேரம் பேச வேண்டியதில்லை. பின்னால் ஒருவன் வருகிறானா என்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. ஐந்து ஊர் பார்த்தாலும் பெட்டியை ஒரு முறைதான் பிரிக்க வேண்டும். வயதான உம்மாவோடு போகும் மகளுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் கப்பலிலும் குற்றம் நடக்கிறது. அங்கே வரும் சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. உல்லாசக் கப்பல்களில் பல பஹாமாஸ், பனாமா, பேர்மியூடா, மோல்டா போன்ற நாடுகளின் கொடியில் பதிவானவை. நடுக்கடலில் ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்தால் எந்த நாட்டுப் பொலிஸ் விசாரிப்பது? நீண்ட காலம் இதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. 2004ல் அலாஸ்கா பயணமொன்றில் காணாமல்போன ஒரு பெண்ணின் தந்தையும், இப்படிப் பாதிக்கப்பட்ட வேறு குடும்பங்களும் 2006ல் ஒரு சங்கம் அமைத்து அமெரிக்கக் காங்கிரஸின் கதவைத் தட்டினார்கள். 2010 ஜூலையில் அங்கே தனியான ஒரு சட்டம் வந்தது. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் பெரிய பயணிகள் கப்பல்களில் கெபின் கதவுகளில் வெளியே பார்க்கும் துவாரம் இருக்க வேண்டும், மேல்தளக் கைபிடிச் சுவர் 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்குச் சிகிச்சையளிக்கவும் சாட்சியம் எடுக்கவும் பயிற்சியும் உபகரணமும் கப்பலிலேயே இருக்க வேண்டும், பாரதூரமான குற்றங்களை எஃப்.பி.ஐ.க்கு அறிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. குற்றக் கணக்கை அந்த நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களம் வெளியிடுகிறது. அமெரிக்காவைத் தொடாத கப்பலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே ஆசியக் கடலில் பயணம் போகும் பெண், கப்பல் எந்தக் கொடியில் ஓடுகிறது, அவசரத்துக்கு யாரிடம் முறையிடுவது என்பதைக் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது.

விடுதியில் நடந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் இருக்கிறது. ஆஸ்பத்திரி, தூதரகம், விமான நிலையம் எல்லாம் தரையிலேயே இருக்கின்றன. பிடிக்கவில்லை என்றால் அடுத்த நாளே வேறு ஹோட்டலுக்கு மாறலாம். நடுக்கடலில் அது நடவாது. ஆனால் விடுதியின் பலவீனம் அதன் வாசலுக்கு வெளியே ஆரம்பிக்கிறது. விமான நிலையத்தில் இருந்து வரும் வழி, இரவில் வெளிச்சமில்லாத குறுக்குத் தெரு, கடற்கரையில் விடாமல் பின்தொடரும் ஆள். இவற்றைப் பற்றித்தான் பெண்கள் ஒருவருக்கொருவர் எச்சரிக்கை சொல்லிக்கொள்கிறார்கள். நல்ல ஹோட்டல்கள் சின்ன விஷயங்களில் கவனம் வைக்கின்றன. அறை இலக்கத்தை வரவேற்பு மேசையில் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக் கொடுப்பார்கள். தனியாக வந்த பெண்ணுக்கு நடைபாதைக் கடைசி அறையைக் கொடுக்க மாட்டார்கள்.

பெரும் அனர்த்தங்கள் இரண்டையும் விட்டுவைக்கவில்லை. 2012 ஜனவரி 13ல் இத்தாலிக் கரையோரத்தில் 'கொஸ்டா கொன்கோர்டியா' கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளுக்கு உயிர்காப்புப் பயிற்சி கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அதன் பிறகே, கப்பல் புறப்படுவதற்கு முன்னர் அல்லது புறப்பட்ட உடனேயே பயிற்சி நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி இறுக்கப்பட்டது. 2020ல் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் 3,700க்கும் மேற்பட்டோர் கொரோனாவால் யோக்கஹாமாவில் அடைபட்டுக் கிடந்தார்கள். கரைப் பக்கத்தில் 2004 சுனாமியையும், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள் தாக்கப்பட்ட 2019 ஏப்ரல் 21ஐயும் எமக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2018ல் 23 இலட்சத்தைத் தாண்டிய உல்லாசப் பயணிகளின் தொகை அடுத்த வருடம் 19 இலட்சமளவுக்கு இறங்கியது. அந்த இறக்கத்தில் மூடப்பட்ட கடைகளை நாம் கண்ணால் கண்டோம்.

நேரம் யாருடைய கையில்?

கப்பல் பயணத்தில் நேரம் கப்பலுடையது. ஒரு துறைமுகத்தில் ஆறு, எட்டு, பத்து மணித்தியாலம் நிற்கும். குறித்த நேரத்துக்குத் திரும்பாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் ஓட வேண்டியதுதான். கப்பல் கம்பனியே விற்ற சுற்றுலாவில் போனவர்களுக்கு மட்டும், பஸ் பிந்தினாலும் கப்பல் காத்து நிற்கும் என்ற உத்தரவாதம் உண்டு.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெளியில் ஒரு வேன்காரர் அதே சுற்றுலாவைக் குறைந்த விலைக்குத் தருவார். அது பெண் பயணிக்கும் தெரியும். இருந்தும் கூடுதலாகக் கொடுத்துக் கப்பலிலேயே டிக்கட் எடுக்கிறார். அவர் வாங்குவது ஊர் பார்க்கும் சுற்றுலாவை மட்டுமா? நேரத்துக்குத் திரும்பிவிடுவேன் என்ற உறுதியையும் சேர்த்தே வாங்குகிறார். சில நாடுகளில் உள்ளூர்க்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு, பிந்தினால் அடுத்த துறைமுகம் வரை கொண்டுபோய் விடும் செலவு எங்களுடையது என்று எழுத்தில் கொடுத்து அந்த வியாபாரத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

விடுதியில் நேரம் அவருடைய கையில் இருக்கிறது. விரும்பினால் எழும்பலாம், விரும்பினால் படுக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாள் சும்மா இருக்கலாம். ஒரே ஊரில் ஏழு நாள் தங்குபவர் முதல் நாள் பார்த்த சேலையை மூன்றாம் நாள் வந்து வாங்குவார். கப்பலில் வந்தவர் அந்த நிமிடமே வாங்காவிட்டால் வாங்கவே மாட்டார்.

உணவு, உடை, மறைவு

எமது பெண்களைப் பொறுத்தவரை இன்னும் சில கேள்விகள் உண்டு. பெரிய கப்பல்களில் நீச்சல் தடாகம் மேல்தளத்தில் எல்லோரும் பார்க்கத் திறந்தபடி இருக்கும். மதுச்சாலையும் சூதாட்ட அறையும் நடக்கும் பாதையிலேயே அமைந்திருக்கும். ஹலால் உணவை முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். சிங்கப்பூரில் இருந்து புறப்படும் 'கெண்டிங் ட்ரீம்' போன்ற கப்பல்கள் முஸ்லிம் பயணிகளை எண்ணி ஹலால் உணவு ஏற்பாட்டைச் செய்திருக்கின்றன.

கரையில் தெரிவு அதிகம். துருக்கியில் டிடிம் நகரில் 1996ல் 'கப்ரிஸ்' ஹோட்டல் பெண்களுக்குத் தனியான நீச்சல் தடாகத்தோடு திறக்கப்பட்டது. அந்த வழியில் அன்டால்யா, அலன்யா பக்கங்களில் மதுவற்ற, பெண்களுக்குத் தனி இடமுள்ள விடுதிகள் பல எழும்பின. இன்று அது ஒரு பெரிய தொழில். மாலைதீவில் மக்கள் வாழும் தீவுகளில் சிறிய விருந்தினர் இல்லங்களும் இருக்கின்றன. அங்கே மது கிடையாது, செலவும் விடுதித் தீவுகளை விடக் குறைவு.

விசாவையும் மறக்கக் கூடாது. எமது கடவுச்சீட்டுக்கு மாலைதீவில் இறங்கியவுடன் விசா கிடைக்கும். கப்பல் என்றால் அது தொடும் ஒவ்வொரு நாட்டையும் பார்க்க வேண்டும். மத்தியதரைக் கடல் பயணத்தில் ஐரோப்பாவில் ஏறி, துருக்கிக்குப் போய், மறுபடியும் ஐரோப்பாவுக்கு வருவதென்றால் பல தடவை நுழையக்கூடிய ஷெங்கன் விசா தேவை. கர்ப்பிணிப் பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பயணம் முடிவதற்குள் 24ஆவது வாரத்துக்குள் நுழைபவரைப் பெரும்பாலான கப்பல் கம்பனிகள் ஏற்றுவதில்லை. கப்பல் வைத்தியரின் பில்லும் பாரமானது. பயணக் காப்புறுதி இல்லாமல் ஏறக் கூடாது.

யாருக்கு எது பொருந்தும்?

வயதான தாயோடு போகும் மகளுக்கும், பல ஊர்களைக் குறைந்த அலைச்சலில் பார்க்க விரும்பும் தோழிகளுக்கும் கப்பல் பொருந்தும். தனியாகச் சாப்பிட உட்காருவதற்குக் கூச்சப்படும் பெண்ணுக்கும் அதுவே வசதி. அங்கே ஒரே மேசையில் பலர் சேர்ந்து சாப்பிடும் வழக்கம் உண்டு. விடுதியில் எல்லா மேசையிலும் புதுமணத் தம்பதிகள் இருக்க, நடுவில் தனியாகச் சாப்பிடுவது பலருக்குச் சங்கடம்.

கைக்குழந்தை உள்ளவர், கர்ப்பிணி, கடல் ஆட்டம் ஒத்துவராதவர், மறைவான இடம் தேடுபவர், ஓய்வுதான் வேண்டும் என்பவர், இவர்களுக்கெல்லாம் விடுதியே நல்லது. தனியாகப் போகும் பெண்ணுக்கு, தனியாள் கெபின் கிடைத்தாலொழிய, காசுக் கணக்கில் ஹோட்டலே இலாபம்.

எமது கடை வாசலுக்கு வருவோம்

கொழும்பு, காலி, அம்பாந்தோட்டை, திருகோணமலைத் துறைமுகங்களுக்கு உல்லாசக் கப்பல்கள் வந்து போகின்றன. 2023 ஜூனில் சென்னையில் இருந்து 'கோர்டேலியா' கம்பனியின் 'எம்பிரஸ்' கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்தது. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் ஆரம்பித்ததும் ஐரோப்பாவில் இருந்து இந்தப் பக்கம் வரும் கப்பல்கள் பல பாதையை மாற்றிக்கொண்டன. கப்பல் வருவதும் வராததும் எமது கையில் இல்லை. வந்த கப்பலில் இருந்து இறங்கும் பெண்ணை எப்படி வரவேற்பது என்பது எமது கையில் இருக்கிறது.

கப்பலும் 'ஓல் இன்குளூசிவ்' விடுதியும் எமக்கு ஒரே விதமான போட்டியைத்தான் தருகின்றன. இரண்டும் பெண் பயணியிடம், "வெளியே போனால் தொல்லை, உள்ளேயே இருங்கள், எல்லாம் இங்கே இருக்கிறது" என்று சொல்லாமல் சொல்கின்றன. கப்பலுக்குள் நகைக்கடையும் உடுப்புக்கடையும் உண்டு. கரீபியனில் கப்பல் கம்பனிகள் தமக்கென்றே தீவும் கடற்கரையும் வைத்திருக்கின்றன. ரோயல் கரீபியன் 1986 முதல் ஹெய்ட்டியில் லபாடி கடற்கரையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியது. 2019ல் பஹாமாஸில் கொகோகேயைப் புதுப்பித்துத் திறந்தது. அங்கே இறங்கும் பயணியின் செலவில் பெரும் பகுதி கப்பல்காரர்களிடமே திரும்பி வருகிறது. துறைமுகத் தெருவில் பெண்களுக்குத் தொந்தரவு என்ற பேச்சு பரவப் பரவ, இப்படிப்பட்ட மதில்களுக்குத்தான் வியாபாரம் கூடுகிறது. எமது தெருவில் ஓர் இளைஞன் கூப்பிடும் தேவையற்ற கூப்பாடு, எமது கல்லாவில் இருந்து காசை எடுத்து அவர்களின் கல்லாவில் போடுகிறது.

காலியில் எனக்குப் பழக்கமான ஒரு கடைக்காரர் இருக்கிறார். பக்கத்துக் கடைகளைப் போலத்தான் அவரிடமும் கற்களும் வெள்ளி நகைகளும் இருக்கின்றன. அவருடைய கடைக்குள் பெண்கள் அதிகம் நுழைவதைப் பார்த்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். வாசலில் யாரையும் நிற்க வைப்பதில்லை என்றார். எல்லாச் சாமானிலும் விலை எழுதியிருக்கிறது. கவுண்டரில் அவருடைய மகள் இருக்கிறார். உள்ளே சுத்தமான ஒரு டொயிலட் இருக்கிறது, சாமான் வாங்காதவரும் கேட்டால் பாவிக்கலாம். சுவரில் பெரிய மணிக்கூடு. கப்பல் நாளில் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பலகையில் எழுதி வைக்கிறார். இதில் எதற்குமே பெரிய முதல் தேவைப்படவில்லை.

அவரிடம் பார்த்ததையும் வேறு இடங்களில் கண்டதையும் சேர்த்துச் சொன்னால், நாம் உடனே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, விலையை எழுதி வையுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்வது பெண் பயணியை விரட்டும். அடுத்த கடையில் அதே சாமான் பாதி விலைக்கு இருப்பதை அவர் பார்த்துவிட்டால், அது அவருடைய தோழிகள் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

இரண்டாவது, சாரதிக் கொமிஷன். கூட்டி வருபவருக்குக் கொடுக்கும் பெரிய வீதம் சாமானின் விலையில்தான் ஏறுகிறது. தன்னை விற்றுவிட்டார்கள் என்ற எண்ணம் பயணிக்கு வந்துவிட்டால் நாட்டின் பெயரே கெடும். முற்றாக நிறுத்த முடியாவிட்டாலும் ஒரே தெருவில் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு குறைந்த வீதத்தைப் பேசி முடிக்கலாம்.

மூன்றாவது, எழுத்தில் கொடுங்கள். மாணிக்கக்கல் என்றால் முறையான பில்லும், தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையில் கல்லைப் பரிசோதிக்கலாம் என்ற தகவலும் சேர்ந்து போகட்டும். பரிசோதிக்கச் சொல்லும் வியாபாரியைத்தான் வாடிக்கையாளர் நம்புவார்.

நான்காவது, கப்பல் நேரத்துக்கு ஏற்ற சாமான். எட்டு மணித்தியாலத்துக்குள் தைத்துக் கொடுக்க முடியாத உடுப்பை ஒத்துக்கொள்ள வேண்டாம். தேயிலை, வாசனைத் திரவியம், கைத்தறி, சிறிய நகை என்று பையில் அடங்குபவற்றை முன்னால் வையுங்கள். ஹோட்டல் பயணிக்கு, நாளை வந்து எடுக்கலாம் என்று சொல்லலாம்.

ஐந்தாவது, வாசலுக்கு வராத பயணியிடமும் வியாபாரம் இருக்கிறது. 'ஓல் இன்குளூசிவ்' ஹோட்டலுக்குள் இருப்பவர் சாப்பிடும் மீனும் மரக்கறியும், துடைக்கும் துவாயும், கட்டில் விரிப்பும் யாரோ கொடுத்தவைதான். கப்பல்களுக்குச் சாமான் வழங்குவது கொழும்பில் பழைய தொழில். சிறியவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து, தரமும் நேரமும் தவறாமல் கொடுக்க முடிந்தால் அந்தக் கதவும் திறக்கும்.

2024ல் எமது நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகளின் தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் மதிலுக்குள் இருந்துவிட்டுப் போகிறார்களா, எமது தெருக்களில் நடந்துவிட்டுப் போகிறார்களா என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

இந்தக் கிழமை ஒரு வேலை செய்து பாருங்கள். உங்கள் மகளையோ தங்கையையோ தெருவின் ஒரு முனையில் இருந்து உங்கள் கடை வரை தனியாக நடந்து வரச் சொல்லுங்கள். வழியில் யார் என்ன சொன்னார்கள், எங்கே கால் தயங்கியது, எந்தக் கடைக்குள் நுழைய மனம் வந்தது, எதற்குள் வரவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை ஒரு தாளில் எழுதி, அடுத்த வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள்.